மே முதல் ஆகஸ்டு வரை: ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் புதிய கல்வியாண்டு

ஆர்.சி. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று ஆயர் இல்லத்திலிருந்து வருவது. அதில் முதல் வெள்ளியும் புனிதர் திருநாள்களும் இருக்கும். மற்றது கல்வித்துறையுடையது, அதில் வேலைநாள், பயிற்சி நாள், தேர்வு நாள். ஆண்டு முழுக்க இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் கிடந்தாலும் ஜூனில் முட்டிக்கொள்ளும். சேர்க்கை, கல்வித்துறையின் எமிஸ் (EMIS) இணையதளப் பதிவு, பாடநூல் விநியோகம், பயிற்சி அழைப்பு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். அதே வாரத்தில் 13ஆம் தேதி அந்தோனியார் திருநாள். பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி உபதேசியார் வாசலில் வந்து நிற்பார். இரண்டில் எது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மே மாதத்திலேயே தீர்மானித்துவிட்டால் ஜூன் நிம்மதியாகப் போகும்.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது என் மனத்தில் இருப்பது, கிராமப் பங்கு ஒன்றில் இயங்கும், அரசு உதவி பெறும், 1 முதல் 5 வகுப்பு வரையிலான தமிழ்வழிப் பள்ளி. மூன்று நான்கு ஆசிரியர்கள், நூற்றுக்குள் பிள்ளைகள், பக்கத்திலேயே கோயில், முற்றத்தில் ஒரு கெபி. நகரத்துப் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மெட்ரிக் பள்ளிகளின் பாடு வேறு. அதற்குள் நான் போகவில்லை.

மே: சாவிக்கொத்தும் கையொப்பமும்

கோடையில் பள்ளிக் கட்டடம் சும்மா இருப்பதில்லை. விடுமுறை மறைக்கல்வி வகுப்பு அங்கேதான் நடக்கும், மழை வந்தால் கல்யாணப் பந்தியும் அங்கேதான். திருவிழாவுக்குப் போன பெஞ்சுகள் எல்லாமே திரும்பி வருவதில்லை. அதனால் மே கடைசி வாரத்தில் முதல் வேலையாகப் பெஞ்சு, நாற்காலி, கரும்பலகை, மின்விசிறி எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். குறைந்தால் கோயில் பிள்ளையிடம் கேளுங்கள்; எந்த வீட்டு வாசலில் கிடக்கிறது என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பல மறைமாவட்டங்களில் பங்குத்தந்தையர் இடமாற்றம் கோடையில்தான் நடக்கும். பங்குத்தந்தையே பள்ளித் தாளாளராக இருக்கும் இடங்களில், சாமியார் மாறினால் தாளாளரும் மாறுகிறார். ஊர் அவரை மாலை போட்டு வரவேற்ற அன்றே அவர் தாளாளர் ஆகிவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கல்வி அலுவலகத்தின் கணக்கில் அவர் அப்போதும் தாளாளர் இல்லை. மாற்றத்துக்கான கடிதம் மறைமாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போய், ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அவர் கையொப்பம் செல்லும். இடையில் போடும் ஒவ்வொரு கையொப்பமும் பின்னால் தணிக்கையில் கேள்வியாக வரும். ஆகவே பழைய தாளாளர் பெட்டி கட்டுவதற்கு முன் அவரிடம் முடிக்க வேண்டியதை முடித்துவிடுங்கள்: வங்கிக் காசோலை, நிலுவைப் பதிவேடுகள், ஆண்டாய்வுக் குறிப்புகளுக்கான பதில். விருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

புதிய தந்தையிடம் பேச வேண்டியதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். பள்ளி நேரத்தில் பாடல் பயிற்சி கிடையாது, அடக்கத் திருப்பலிக்குப் பிள்ளைகளை வரிசையாக அனுப்ப முடியாது, திருவிழாக் கொடியேற்றத்துக்கு உள்ளூர் விடுமுறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஈடுசெய்யும் நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்வோம் என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். "அதுக்கென்ன டீச்சர், பாத்துக்கலாம்" என்பார். பார்த்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை மேசை

உதவி பெறும் பள்ளியில் சேர்க்கை என்பது ஆசிரியர் பணியிடத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் உபரி ஆவார்; உபரி ஆனவரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அந்தப் பயத்தில்தான் மே மாத வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் பங்கு மக்களின் வீடுகளோடு திரும்பிவிடுவதுதான் பழக்கமாக இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் அறிவித்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களில் வசதி வந்தவர்கள் மஞ்சள் வேன் வரும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் பள்ளியை நிரப்புவது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஏழை வீடுகளின் பிள்ளைகள். அவர்களில் பாதிக்கு மேல் பிற சமயத்தவராக இருக்கும் பள்ளிகள் எத்தனையோ. அந்தத் தெருக்களுக்கு முதலில் போங்கள். அக்டோபரில் விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்க்க வருவேன் என்று சொல்லும் பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அரசு விடுமுறைதான். ஒருவர் வந்து அலுவலகத்தைத் திறந்து வைத்தால் இரண்டு மூன்று பேராவது சேருவார்கள்.

மேசைக்கு முன் வந்து நிற்கும் பிள்ளையிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? 5 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், இருந்தால் சாதிச் சான்று, வேறு பள்ளியிலிருந்து வந்தால் மாற்றுச் சான்றிதழ். திருமுழுக்குச் சான்று கேட்காதீர்கள். அது மறைக்கல்விப் பதிவேட்டுக்கு வேண்டுமானால் பின்னால் பங்கு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். சேர்க்கை விண்ணப்பத்தோடு அதையும் பின் அடித்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிற சமயத்துப் பெற்றோர் அந்த வரியைப் பார்த்ததும், இது நமக்கான பள்ளி இல்லை போல என்று எண்ணிவிடுவார்கள்.

காகிதம் ஏதாவது குறைகிறது என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பியிருக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் போகட்டும். சட்டம் நமக்குப் பொருந்தாது என்று சொல்லி ஓர் ஏழைப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்காக நம் முன்னோர் சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவைக் கேட்டு வாங்கவில்லை.

இனிப் பெயர். இந்த ஒரு விஷயத்துக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

"பேரு என்ன அப்பத்தா?"

"சேசுராசு, சிஸ்டர்."

"பிறப்புச் சான்றுல ஹரீஷ்னு இருக்கே?"

"அது ஆசுபத்திரியில அவுங்க அம்மா குடுத்தது. கோயில்ல சாமியாரு வச்சது அந்தோணி சேசுராஜ். வீட்ல ராசுன்னுதான் கூப்புடுறது."

ஆதாரை வாங்கிப் பார்த்தால் அதில் 'ஹரிஷ்' என்று குறில். ஒரே பிள்ளைக்கு நான்கு பெயர். இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, பிறப்புச் சான்றில் உள்ளதை எழுத்து மாறாமல் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவது. பிறகு ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஞானஸ்நானப் பெயர் அழகாக இருக்கிறதே என்று அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், அந்தப் பிள்ளை 10ஆம் வகுப்புச் சான்றிதழ் வாங்கும்போது ஒரு சிக்கல், கடவுச்சீட்டு எடுக்கும்போது இன்னொரு சிக்கல், கடைசியில் அரசிதழில் பெயர் மாற்றம் வரை அலைய வேண்டிவரும். தலைப்பெழுத்தையும் அப்படியே சரிபாருங்கள். ஊர்ப் பெயரின் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்ட குடும்பங்கள் தென்மாவட்டங்களில் இன்னும் உண்டு.

அடுத்தது சாதி, மதம் கட்டம். இதில்தான் ஆர்.சி. பள்ளி மேசையில் கூடுதல் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்கள் என்பதால் எழுத்தர் தானாகவே 'கிறித்தவம்' என்று நிரப்பிவிடுவார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அநியாயம்தான், தலித் கிறித்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தை நீங்கள் ஒரு குழந்தையின் சேர்க்கைப் பதிவேட்டில் நடத்த முடியாது. அந்தக் கட்டத்தில் எழுதுவது அந்தப் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை வரை போகும். பெற்றோர் சொல்வதை, அவர்கள் கையில் இருக்கும் சான்றோடு ஒப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். ஒன்றும் குறிப்பிட விரும்பவில்லை என்றால் அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பணம் பற்றி இரண்டே வரி. தமிழ்வழி உதவி பெறும் பிரிவில் சேர்க்கைக் கட்டணமோ 'கட்டட நிதி'யோ வாங்காதீர்கள். அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால் அதற்குத் தனி ரசீதுப் புத்தகம், தனிக் கணக்கு. சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை 1 முதல் 8 வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2022-23 முதல் நின்றுவிட்டது. பெற்றோர் இன்னும் கேட்கிறார்கள்; சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பூசை, செபம், மறைக்கல்வி

கத்தோலிக்கப் பள்ளி என்பதால் ஆண்டைத் திருப்பலியோடு தொடங்குவது வழக்கம். தூய ஆவியாரை வேண்டி நிறைவேற்றும் அந்தப் பூசை நல்ல வழக்கமும்கூட. எப்போது வைப்பது என்பதில்தான் தகராறு. திறப்பு நாள் காலை 9 மணிக்கு வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் கோயிலுக்குள் உட்கார வைத்து, பத்தேகால் வரை நீளும் மறையுரையைக் கேட்க வைத்தால், முதன்முறையாக வீட்டை விட்டு வந்த 5 வயதுப் பிள்ளைக்குப் பள்ளியின் முதல் நினைவு அதுவாகவே ஆகிவிடும். திறப்பு நாளுக்கு முந்திய ஞாயிறு திருப்பலியிலேயே ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் முன்வரிசைக்கு அழைத்து ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள். விரும்புகிறவர்கள் வருவார்கள். வகுப்பறைகளை மந்திரிப்பதும் அன்று பூசைக்குப் பிறகு, ஆசிரியர்கள் மட்டும் கூடி நின்று செய்யலாம். கரும்பலகையில் எழுதி வைத்த பெயர்கள் தீர்த்தம் பட்டு அழிந்துவிடும் என்பதால், அதற்குப் பிறகு எழுதுங்கள்.

மறைக்கல்விப் பாடவேளை பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவரின் சம்மதம் இல்லாமல், அவர் சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28(3) சொல்கிறது. 30ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்லும் நிர்வாகிகள் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். சேர்க்கை நாளிலேயே தனித் தாளில் எளிய தமிழில் சம்மதம் கேளுங்கள்: "பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பும் நடக்கின்றன. என் பிள்ளையை எந்த வகுப்பில் அமர்த்துவது என்பதைக் கீழே குறித்துள்ளேன்." பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் வாசித்துக் காட்டுங்கள். எங்கே உட்கார வைத்தாலும் சரி டீச்சர் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னாலும் தாளில் குறித்து வாங்குங்கள். ஊரில் ஏதாவது புகைந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

நன்னெறி வகுப்பு பெயருக்கு நடக்கக் கூடாது. மறைக்கல்வி வகுப்புக்குப் படமும் பாட்டும் பரிசும் இருக்கும், நன்னெறிப் பிள்ளைகள் மரத்தடியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றால், எது உயர்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஆசிரியரை அங்கே போடுங்கள். புதுநன்மைக்கான தயாரிப்பைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம்; அது பங்கின் பொறுப்பு, ஞாயிறு வகுப்பின் வேலை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி வணக்கம், உறுதிமொழி, திருக்குறள், செய்தி இவையெல்லாம் துறை சொன்னபடி. செபம் எப்படி இருக்க வேண்டும்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்வி, பண்பாட்டு அலுவலகம் 2024இல் நம் பள்ளிகளுக்கென்று வழிகாட்டுதல்கள் தந்திருக்கிறது. பிற சமய மாணவர்கள்மேல் கிறித்தவ வழக்கங்களைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியல் சாசன முகப்புரையைச் சொல்ல வையுங்கள், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான செப அறை ஒன்று வையுங்கள் என்கிறது. நான்கு அறைப் பள்ளியில் தனிச் செப அறைக்கு இடமேது? ஆனால் முகப்புரையைச் சுவரில் எழுதவும், எந்தப் பிள்ளையும் கைகூப்பிச் சொல்லக்கூடிய பொதுவான செபம் ஒன்றை அமைக்கவும் செலவில்லை. முகப்புரை முழுவதையும் 1ஆம் வகுப்பால் சொல்ல முடியாது. 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் முறைபோட்டு வாசிக்கட்டும்.

நண்பகல் மூவேளை செப மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து சொல்வதும் மற்றவர்கள் அமைதியாக நிற்பதும் பல பள்ளிகளில் பழக்கம். அது தானாக நடக்கும்வரை நல்லது. உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு ஆசிரியர் வரிசையில் நடந்தால் அந்த நல்லது அன்றோடு போயிற்று. கெபி வேறு கதை. இடைவேளையில் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிடும் பிள்ளைகள் யார் யார் என்று பார்த்தால், மாரியம்மன் கோயில் தெருப் பிள்ளைகளே அதிகமாக இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டவும் வேண்டாம், விலக்கவும் வேண்டாம்.

முதல் நாள்

வரவேற்பைச் சுருக்குங்கள். ரோஜாப்பூ, மிட்டாய், சந்தனம் எல்லாம் இருக்கட்டும். ஆனால் தாளாளர் உரை, ஊராட்சித் தலைவர் உரை, மேலாண்மைக் குழுத் தலைவர் உரை என்று ஜூன் வெயிலில் நிற்க வைத்தால் இரண்டு பிள்ளைகளாவது மயங்கி விழும். இருபது நிமிடம் போதும். பேச வேண்டியவர்களிடம் பாடநூல் கட்டைக் கொடுத்து, ஆளுக்கொரு வகுப்பில் போய் விநியோகிக்கச் சொன்னால் அவர்களுக்கும் மரியாதை, நமக்கும் வேலை முடியும். முதல் பருவ நூல்கள், நோட்டு, பை எது வந்திருக்கிறதோ அதைக் கொடுங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கான 4 இணைச் சீருடையில் முதல் இணை வந்திருந்தாலும் அளவு பார்க்காமல் கொடுக்க வேண்டாம். ஊருக்கு ஊர் ஒரே புகார்தான்: தோள் இறங்குகிறது, இடுப்பு நிற்பதில்லை. வந்த சீருடையை வகுப்பில் உயர வரிசைப்படி மாற்றி மாற்றிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். பள்ளிக்கென்று தனி நிறச் சீருடை வாங்கச் சொல்லும் ஆசையை விட்டுவிடுங்கள்.

1ஆம் வகுப்பு அழும். அழுகிற பிள்ளையின் அம்மாவை உள்ளே உட்கார விடுங்கள். முதல் மணி நேரம் வரை இருக்கலாம், பிறகு சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நைசாக நழுவிப் போகச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. அப்படி ஏமாந்த பிள்ளை மறுநாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அன்று பாடம் எதுவும் வேண்டாம். கழிப்பறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் திறக்கவும் தாழிடவும் தண்ணீர் ஊற்றவும் ஒவ்வொரு பிள்ளையையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கழிப்பறை இல்லாத பிள்ளைக்கு அந்தப் பீங்கானே பயம். நாள் முழுக்க அடக்கிக்கொண்டு மாலையில் பாவாடை நனையும். "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கேட்கலாம், கேட்டால் திட்ட மாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டால் முதல் நாள் வெற்றி. கழிப்பறையைக் கழுவப் பிள்ளைகளை எக்காரணத்தாலும் அனுப்பாதீர்கள்.

சுயநிதிப் பிரிவும் அதே வளாகத்தில் இருந்தால் வழிபாட்டுக் கூட்டம் ஒன்றாகவே நடக்கட்டும். ஷூ போட்ட வரிசை நிழலிலும் செருப்புப் போட்ட வரிசை வெயிலிலும் நிற்கும் காட்சி நம் வளாகங்களில் காணக் கூடாதது. பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

யாருக்கு எந்த வகுப்பு

மூத்த, திறமையான ஆசிரியர் 5ஆம் வகுப்பைக் கேட்பார். அது கௌரவமாகிவிட்டது. அவரை 1ஆம் வகுப்புக்குப் போடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் 2ஆம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பின்னால் யாராலும் எளிதில் தூக்கிவிட முடியாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பது ஆசிரியரின் குறிப்பேட்டுக்கு மட்டும். 'அரும்பு எல்லாம் இந்தப் பக்கம் வா' என்று கூப்பிட ஆரம்பித்தால் அழகான சொல்லும் வசையாகிவிடும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் 1, 2, 3 ஒருவருக்கு, 4, 5 மற்றவருக்கு என்று பிரிப்பது வழக்கம். தலைமையாசிரியராகிய உங்களுக்கு அலுவலக வேலையும் இருப்பதால் 4, 5ஐ வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) அலுவலகம் போகும் நாளில் அவர்களால் ஓரளவு தாமாக வாசிக்க முடியும்.

சாப்பாடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கியபோது உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை சூடாகப் பொங்கல் சாப்பிட, நம் பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்டுகள் அவை. 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில். 2025 ஆகஸ்டில் நகரப் பகுதிக்கு விரிந்தபோதும் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான் தொடக்கம். இப்போது கிராமம், நகரம் இரண்டிலும் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை: சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வழிபாட்டுக்கு முன் நேரம் இருக்கிறதா, 1ஆம் வகுப்புப் பிள்ளைகள் தட்டைப் பிடிக்க முடிகிறதா, பேருந்தில் வரும் பிள்ளைகள் தாமதமாக வந்து பசியோடு உட்காருகிறார்களா. சமைத்ததை நீங்களும் ஒரு வாய் தினமும் சாப்பிட்டுப் பாருங்கள்.

மதியம் முட்டை பற்றி ஒரு கேள்வி தவக்காலத்தில் கட்டாயம் வரும். இப்போதே சத்துணவு அமைப்பாளரிடமும் ஆசிரியர்களிடமும் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்வது 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதிலும் முட்டைக்குத் தடையில்லை. பக்தி மிகுந்த ஆசிரியை ஒருவர் வளரும் பிள்ளைகளின் முட்டையைத் திருப்பி அனுப்பத் தேவையே இல்லை.

கட்டடம், பிள்ளைகளின் பாதுகாப்பு

2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம் ஆகியவற்றை வெறும் கோப்புச் சடங்காக எண்ணும் எவருக்கும் அந்த நாளை நினைவூட்டுங்கள். நான்கின் காலாவதித் தேதியையும் அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். நம் கட்டடங்களில் பல, வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிய ஓட்டுக் கட்டடங்கள். சுவர் இரண்டடி கனம், ஆனால் உத்திரத்தில் கரையான் இருக்கும். ஓடு மாற்றும் ஆளை மே மாதத்தில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்கிய பெஞ்சுகளுக்கு அடியில் பாம்பு, மின்பெட்டிக்குள் குளவிக் கூடு, கிணற்று மூடி, தண்ணீர்த் தொட்டி இவற்றைப் பிள்ளைகள் வருவதற்கு முந்திய நாள் நீங்களே நடந்து பாருங்கள். கோயில் திருவிழாவுக்கு இழுத்த மின்கம்பி பள்ளிச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதையும் கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு பாதுகாப்பைப் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். பள்ளிக்குள் யார் யார் வரலாம், எப்போது, எந்த அறையில் என்பதை ஜூன் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே எழுதித் தீர்மானியுங்கள். பங்கு வீடும் கோயிலும் கன்னியர் மடமும் பள்ளியும் ஒரே வளாகம் என்பதால் எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கிறது. தனியறையில் தனியாக ஒரு பிள்ளையை யாரும், அங்கி அணிந்தவரானாலும், வைத்துப் பேசக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தகவல் தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கட்டளை. மறைத்தால் சிறை உண்டு. மறைப்பவர் நிறுவனத் தலைவர் என்றால் தண்டனை கூடுதல். 'முதல்ல சாமியார்கிட்ட சொல்லுவோம், அவர் பாத்துக்குவார்' என்பது சட்டத்தின் முன் செல்லாது. தாளாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரிவிக்கலாம். காவல்துறைக்குச் சொல்வதை அவர்கள் பதில் வரும்வரை நிறுத்தி வைக்க முடியாது. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித்துறை உதவி எண்) இரண்டையும் பிள்ளைகள் கண் உயரத்துக்கு எழுதி வையுங்கள். பெரியவர்கள் கண் உயரத்தில் எழுதியதைப் பிள்ளைகள் படிப்பதில்லை.

ஆகஸ்டு 1

ஜூலை என்பது ஜூன் மாதத்தின் மிச்சம். மாற்றுச் சான்றிதழ் வராத பிள்ளைகளைப் பழைய பள்ளியின் எமிஸ் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கும். கெஞ்சுங்கள்; விடாதவர்களுக்கு எழுத்தில் கேட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். 15ஆம் தேதி காமராசர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் அன்று பெற்றோர் அதிகம் வருவார்கள். ஆதார்த் திருத்தம் முடிந்ததா என்று கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் அன்றே வைத்தால் வருகைக் கையொப்பத்துக்கு அலைய வேண்டாம்.

ஆகஸ்டு 1 நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். அன்று எமிஸில் இல்லாத பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் இல்லை. ஜூலை கடைசி வாரத்தில் ஒரு மாலை, வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேட்டை வாசிக்க, ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டையும் ஒருவர் எமிஸ் திரையையும் பார்க்கட்டும். மூன்றிலும் பெயர், பிறந்த தேதி, வகுப்பு ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை குறைகிறது என்று வராத பிள்ளையின் பெயரை ஒட்டி வைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் எண்ணுவது சத்துணவுத் தட்டைத்தான். ஒத்துப்பார்த்த பட்டியலை அச்செடுத்து, எல்லா ஆசிரியர்களும் தேதியோடு கையொப்பமிட்டு, ஒரு நகலைத் தாளாளர் வழியாகக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, இன்னொன்றைச் சேர்க்கைப் பதிவேட்டுக்குள்ளேயே வையுங்கள். அடுத்த பருவத்துக்கான நூல் தேவைப் பட்டியலும் அதே எண்ணிக்கையில்தான் போகும்.